கொம்படியில் ஓடும் நரம்பு

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் சுவாமிக்கு வீசும் வெண்சாமரத்தைப் பார்த்திருப்பீர்கள். கவரி மாட்டின் வால்மயிரால் ஆவது அது. வள்ளுவர் மானத்துக்கு உவமை கூறிய கவரிமா இதுவே என்பாரும் உளர். அந்த வழக்கில் நான் நுழையவில்லை. இமயத்துக் குளிரில் வாழும் இம்மாடு நம் பசுவைப்போல் கதறாது, உறுமும். ஆகவே லின்னேயஸ் 1766இல் 'உறுமும் மாடு' என்று பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டினார்.

குரல் வேறாயினும் குரலை ஆளும் நரம்பு இரண்டிற்கும் ஒன்றே. மூளையினின்று கழுத்துவழியே மார்புக்குள் இறங்கி, இடப்புறத்தில் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு, மீண்டும் குரல்வளைக்கு ஏறிவரும் விந்தையான நரம்பு அது. ரோமாபுரியில் காலன் என்னும் வைத்தியர், இரண்டாம் நூற்றாண்டிலேயே, கத்திக்கொண்டிருந்த பன்றியின் அந்நரம்பை அறுத்துக் காட்டினார். பன்றி உயிரோடிருந்தது, ஓசை மட்டும் நின்றுபோயிற்று.

நம் மலைநாட்டுக்குச் சீமைமாடு வந்த கதையும் துயரம் கலந்ததே. 1848இல் நுவரெலியாவில் குடியேற முனைந்த சாமுவேல் பேக்கர், இங்கிலாந்திலிருந்து கப்பலில் டர்ஹாம் பசுவொன்றைக் கொணர்ந்தார். கடலைக் கடந்த பசு, கண்டிச்சீமையின் மலைப்பாதையைக் கடக்கமாட்டாமல் மாண்டது. பிறகு கொள்ளைநோய் வந்து எருதுகள் பலவற்றை வாரிச் சென்றது. இன்று அம்பேவளைப் பண்ணையில் ஃபிரீசியன் பசுக்கள் மேய்கின்றன. அட்டன் பக்கத்து லயன்களின் பின்புறத்திலோ, ஒற்றைப் பசுவே ஒரு குடும்பத்தின் சேமிப்பு.

அக்குறுகிய கொட்டிலில் கொம்பு ஆபத்தானது. ஆகவே கன்றிலேயே கொம்பைத் தீய்ப்பார்கள். கொம்புக்கும் நரம்புண்டு. முகத்துக்கு உணர்ச்சி தரும் ஐந்தாம் கபால நரம்பின் கிளையொன்று, கண்குழியின் பின்னிருந்து புறப்பட்டு, நெற்றிப்பொட்டின் எலும்பு விளிம்பை ஒட்டிக் கொம்படிக்குச் செல்கிறது. கண்ணுக்கும் கொம்புக்கும் நடுவழியில், அவ்விளிம்பின் கீழ் மருந்தை ஊசியால் ஏற்றினால் நோவு தெரியாது. 1943இல் சுவீடனில் உருவான லிக்னோகெயினே அம்மருந்து. அதற்கு முன்னெல்லாம் கன்றைக் கட்டிப்போட்டுத் தீய்த்தார்கள். இன்றும் அவ்வாறு செய்வோர் உண்டு.

முதலிரண்டு மாதங்களுக்குள் செய்வதே நன்று. கொம்பு வளர்ந்தபின், நெற்றியெலும்பின் காற்றறை அதற்குள்ளும் நீளும். அதை வெட்டினால் மண்டைக்கே வாயில் திறந்ததாகும். நம் மலைமழையில் அது சீழ்பிடிக்கும். மருந்தேற்றியதும் அவசரம் வேண்டாம். பத்து நிமிடம் பொறுத்துக் கொம்படியை ஊசிமுனையால் தொட்டுப் பாருங்கள். கன்று தலையை உதறினால் இன்னும் சற்றுப் பொறுங்கள்.