கூலி கேளாத வேலை

சிரம்பானிலிருந்து கோலாலம்பூருக்குச் செல்லும் பழைய சாலையிலே, ஈயத்தால் ஊராகி ரப்பரால் விரிவடைந்த மந்தினில், ஸ்டாஃபீல்டு என்னும் பெயரால் ஒரு கோல்ஃப் மைதானம் அமைந்திருக்கிறது. இத்தகைய மைதானங்களின் பூம்பாத்திகளையும் மரங்களையும் சங்கத்து அங்கத்தினரே ஊதியமின்றிப் பராமரிக்கும் வழக்கம் மேல்நாடுகளில் சில இடங்களில் உண்டு. மலாயாவிலோ, 1893இல் சிலாங்கூர் கோல்ஃப் சங்கம் தோன்றிய காலந்தொட்டு, துரைமார் விளையாடிய புல்வெளியைச் சீராக்கியவர்கள் கூலியாட்களே. கூலியை எதிர்பாராமல் நிலத்தைப் பேணிய சரித்திரமும் இவ்வட்டாரத்துத் தமிழருக்கு உண்டு. அதை ரப்பர்த் தோட்டத்துக் கோயில் வாசலிலும் பள்ளிக்கூடத்து முற்றத்திலுமே தேட வேண்டும்.

1920களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலியாக விதிக்கப்பட்டிருந்தன. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு வந்து, பால்மரம் வெட்டி, வாளி சுமந்து, வெயில் ஏறிய பிறகே லயம் என்னும் வரிசை வீடுகளுக்குத் திரும்பிய அந்தத் தோட்டத்து ஜனங்கள், திருவிழா நெருங்கிவிட்டால், எஞ்சிய பொழுதைக் கோயிலுக்குக் கொடுத்தார்கள். ஆடவர் புதரை வெட்டுவார்கள். பெண்கள் சாணம் கரைத்து வாசலை மெழுகிக் கோலமிடுவார்கள். சிறுவர்களுக்குக் குப்பை அள்ளும் உத்தியோகம். எல்லாவற்றினும் கடினமானது லாலான் புல்லை ஒழிப்பது. மேலே அரிந்துவிட்டால் போதாது. மண்ணுக்கடியில் வெள்ளை வெள்ளையாக ஓடும் அதன் கிழங்கில் ஒரு கணு தங்கினாலும் மறுபடியும் தளிர்த்துவிடுமாகையால், மண்வெட்டியால் கொத்திப் புரட்டி, விரல்களால் துழாவி எடுத்து, வெயிலில் உலர்த்திக் கொளுத்துவார்கள். தோட்ட நிர்வாகத்துக்காக அன்றாடம் செய்த அதே களையெடுப்பைத் தெய்வத்துக்காகச் செய்கையில், அதே கரங்களுக்கு ஓர் உற்சாகம் பிறந்தது என்றே நான் கருதுகிறேன்.

7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அத்தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் விதித்தது. சட்டம் கொடுத்தது பெரும்பாலும் ஒரு கொட்டகைதான். அதைச் சுற்றி வேலி கட்டவும், பூச்செடி வைக்கவும், பிள்ளைகள் ஓடியாட ஒரு திடலைச் செப்பனிடவும் பெற்றோர்களின் கைகளே முன்வந்தன. மலாய்க் கிராமத்தார் கோத்தோங் ரோயோங் என்று கூடிச் செய்த பணிக்கு இது சற்றும் குறைந்ததன்று.

இதிலுள்ள துயரத்தையும் மறைத்தல் ஆகாது. இவ்வளவு பரிவுடன் பேணிய மண்ணில் ஓர் அடிகூட அவர்களுடையதாக இருக்கவில்லை; கோயிலும் பள்ளியும் லயமும் தோட்டத்து நிலத்தில் அனுமதியின்பேரில் நின்றவை. சுதந்திரத்துக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, தொழிலாளியின் சிறு சேமிப்பைத் திரட்டி நிலம் வாங்கும் நோக்கத்துடன், அப்போது அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஸ்தாபித்தார். அம்முயற்சி பல தோட்டங்களைக் காத்தது. எல்லாவற்றையும் காக்க அதனால் இயலவில்லை. ரப்பர் நின்ற குன்றுகள் பிற்காலத்தில் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் கோல்ஃப் மைதானங்களாகவும் மாறியபோது, மக்கள் கலைந்தனர். பல கோயில்கள் இடம்பெயர்ந்தன.

சங்கங்களின் நூற்றாண்டு மலர்களில் தலைவர்களின் பெயர்கள் அச்சேறியிருக்கின்றன. லாலான் கிழங்கைத் தோண்டியவர்களின் பெயர்களோ எந்த ஏட்டிலும் இல்லை. மந்தினிலும் பஜாமிலும் நீலாயிலும் லாபுவிலும் அந்த வேலையைச் செய்த முதியோர் உங்கள் வீட்டில் இருந்தால், எந்தத் தோட்டம், எந்தக் கோயில், உடன் நின்றவர் யார் என்று கேட்டு, இந்த ஆண்டிலேயே எழுதி வையுங்கள்.