சிறுதேரும் சர்க்கரை ஆலையும்

குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர் கீரனார் ஒரு பொம்மை வண்டியைக் காட்டுகிறார். தச்சன் செய்து கொடுத்த சிறு வண்டி. ஏறிச் செல்ல இயலாது. ஆயினும் கையால் இழுத்தே பிள்ளைகள் மகிழ்ந்துவிடுகிறார்கள். வகுப்பில் இதை நடத்தும்போது உவமையைச் சட்டென்று கடந்து அகப்பொருளுக்கு விரைந்துவிடுவது என் வழக்கமாக இருந்தது. சில ஆண்டுகளாக அவ்வாறு கடந்துபோக முடிவதில்லை. ரிஷிவந்தியத்தில் எங்கள் வீட்டு மாடியறையில், ஆறடி நீளமும் இரண்டடி அகலமுமான ஒட்டுப்பலகையின்மேல், ஏறிச் செல்ல இயலாத ரயில் ஒன்று எனக்கும் இருக்கிறது. அதன் ஓரத்தில் அட்டையால் ஆன சர்க்கரை ஆலை ஒன்றும் நிற்கிறது.

எங்கள் ஊரில் ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்கத் திருக்கோவிலூருக்கோ சின்னசேலத்துக்கோ போகவேண்டும். என் பிள்ளைப் பருவத்தில் அவ்விரு வழிகளும் மீட்டர்பாதைகள்; இன்று இரண்டும் அகலப்பாதைகள். ரயில் இல்லாத ஊர்க்காரனுக்குத்தான் ரயில்மீது மையல் அதிகம் என்று தோன்றுகிறது. ஆனால் இக்கட்டுரை என் மையலைப் பற்றியதன்று. அட்டையும் பசையும் கொண்டு ஒரு தொழிற்கூடத்தைச் சிறிதாக்கும்போது, வரலாற்றுக்கு நாம் செய்வது நன்மையா தீங்கா என்பதே என்னைச் சில காலமாக அரித்துவரும் கேள்வி.

மாதிரி ரயிலின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையில் பொம்மை ரயில் தண்டவாளங்களுக்குத் திட்ட அளவுகளை அறிமுகப்படுத்தியது. இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பி 1920இல் தம் முதல் ரயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1930களில் மேசைமேல் அடங்கும் அளவுக்கு ரயில்கள் சுருங்கின. அதுவரை அவை விளையாட்டுப் பொருள்கள்தாம். தண்டவாளத்தின் இருபுறமும் ஓர் உலகம் வேண்டும், அந்த உலகம் உண்மையைப் போல இருக்கவேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றபோதே இது கலையாயிற்று.

அந்த எண்ணத்துக்கு உருக்கொடுத்தவர்களில் இருவரைக் குறிப்பிட வேண்டும். ஒருவர் ஜான் ஏஹெர்ன். இவர் அமைத்த 'மேடர் பள்ளத்தாக்கு ரயில்' முழுக்கக் கற்பனை நிலம். ஆனால் அதிலுள்ள பல கட்டடங்கள் அவர் எங்கெங்கோ கண்ட உண்மைக் கட்டடங்களை ஒட்டிக் கையால் செய்யப்பட்டவை. மற்றவர் ராய் இங்கிலாண்ட். 1925இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இளைஞர். பழைய கிராமத்து ஓலைக்கூரை வீடுகள் கண்ணெதிரே மாறியும் மறைந்தும் போவதைக் கண்டு பதறி, அவற்றை அளந்து, 76இல் ஒரு பங்காகச் சுருக்கி அட்டையில் செய்யத் தொடங்கினார். ஆக்ஸ்ஃபோர்டு அருகே லாங் விட்டன்ஹாம் என்ற சிற்றூரில் 1954இல் அவர் தொடங்கிய பென்டன் அருங்காட்சியகம் அந்தப் பதற்றத்தின் விளைவு. ஒருவர் நாவலாசிரியர், மற்றவர் ஆவணக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். ஏஹெர்னின் மறைவுக்குப் பின் அவருடைய பள்ளத்தாக்கும் பென்டனுக்கே வந்து சேர்ந்தது. நாவலும் ஆவணமும் ஒரே கூரையின்கீழ்!

நம் நாட்டில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது புனே நகரின் ஜோஷி சிறுரயில் அருங்காட்சியகம். பாவ் ஜோஷி என்ற தனிமனிதரின் வாழ்நாள் ஆசை, 1998இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில் ஒரு நகரமே அங்கு இயங்குகிறது.

நம்மவர் இவ்வேலையில் இறங்கும்போது எதிர்ப்படும் முதல் சிக்கல் கணக்கில் இருக்கிறது. கடையில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அது ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதையை 87ஆல் வகுத்து வந்தது. நம் அகலப்பாதையோ 1676 மில்லிமீட்டர். வகுத்தால் பத்தொன்பதேகால் வருகிறது. நம் பெட்டியை அந்தத் தண்டவாளத்தில் ஏற்றினால், பெரிய மனிதர் சிறுவனின் செருப்பைப் போட்டுக்கொண்டதுபோல் இருக்கும். மீட்டர்பாதைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆயிரத்தை 87ஆல் வகுத்தால் பதினொன்றரை. சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களுக்கென விற்கப்படும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் ஏறக்குறையப் பொருந்திவிடும். என் பிள்ளைப் பருவத்து ரயிலுக்கு சுவிட்சர்லாந்து தண்டவாளம் தருகிறது என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

கட்டடங்களுக்கு அந்த உதவியும் கிடையாது. பெட்டியில் அடைத்து விற்கப்படும் கட்டடங்கள் ஜெர்மானிய மதுவடிசாலைகளும் ஆங்கிலேய எஞ்சின் கொட்டகைகளுமே. கரும்பு விளையும் எங்கள் வட்டாரத்துக்குத் தொழிற்கூடம் என்றால் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள்தாம். அப்படியோர் ஆலையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கையால்தான் செய்யவேண்டும்.

செய்யத் தொடங்கியபோதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. முப்பது ஆண்டுகளாகப் பார்த்த கட்டடத்தை நான் பார்த்திருக்கவே இல்லை. கூரையின் சரிவு எந்தப் பக்கம்? சக்கை போகும் பட்டை எந்தச் சுவரைத் துளைத்து வெளியே வருகிறது? எழுதத் தெரிந்தவனுக்கு 'புகை கக்கும் ஆலை' என்ற ஒரு தொடர் போதும். அட்டை வெட்டுகிறவனுக்கு அந்தத் தொடரால் ஒரு பயனும் இல்லை. வெளியிலிருந்து எடுத்த ஒளிப்படங்களை வைத்துக்கொண்டு, ஒரு கதவு ஏழடி என்று கொண்டு மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டேன். செங்கல் தெரியும் இடங்களில் வரிசைகளை எண்ணினேன். ஏடுகளில் பாடபேதம் பார்ப்பதைப் போன்ற பொறுமை இதற்கு வேண்டியிருந்தது.

சுவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையைவிடச் சிறந்த பொருள் இல்லை என்பது என் துணிபு (முகூர்த்த மாதங்களில் மூலப்பொருள் தட்டுப்பாடே இராது). தகரக் கூரைக்கு, பலகாரம் பொதியும் அலுமினியத் தாளைச் சீப்பின்மேல் வைத்துத் தீக்குச்சியால் கீறினால் நெளிவு விழும். தாங்குதூண்களுக்கு ஊதுவத்திக் குச்சி. மொலாசஸ் தொட்டிக்கு மாத்திரைக் குப்பி. புகைபோக்கிதான் என்னைப் படுத்திற்று. பிளாஸ்டிக் குழாயை நிறுத்தினால் அது குழாயாகவே நின்றது. மெய்யான புகைபோக்கி மேலே போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும். வரைபடத் தாளைக் கூம்பாகச் சுருட்டி நுனியை நறுக்கிய பின்னரே உயிர் வந்தது. அறுபது மீட்டர் புகைபோக்கி என்றால் எண்பத்தேழில் ஒரு பங்கு 69 சென்டிமீட்டர். அவ்வளவு உயரம் அந்த மேசையில் பொருந்தவில்லை. 45க்குக் குறைத்தேன். ஆலைக்கூடமும் அப்படியே: இருநூறு மீட்டர் நீளமானால் மேசையில் இரண்டே கால் மீட்டருக்கு மேல் வேண்டும். என்னிடம் இருந்த பலகையே ஆறடி. எனவே பன்னிரண்டு கண்ணறைகள் இருக்கவேண்டிய இடத்தில் ஐந்தே வைத்தேன். இக்கலையில் பழகியவர்கள் எல்லாரும் இப்படிக் குறைக்கிறார்கள். எதை விட்டாலும் ஆலை ஆலையாகத் தெரியும், எதை விட்டால் தெரியாது என்று முடிவெடுப்பதே இதில் கடினம். வரலாறு எழுதுகிறவனும் வேறென்ன செய்கிறான்?

இந்நிலையில்தான் என் தாய்மாமன் வந்தார். ஆண்டுக்கணக்கில் ஆலைக்குக் கரும்பு ஓட்டியவர். மேசையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். புகைபோக்கியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏம்ப்பா, ஆலைக்குள்ள ரயில் எப்ப வந்துச்சு?" என்றார்.

"வரல மாமா. வந்திருந்தா எப்படி இருக்கும்னு ஒரு நெனப்புல செஞ்சது."

"அதுசரி. வண்டிங்க எங்க?"

நான் விழித்தேன். எடைமேடை வைத்திருந்தேன், அதன் முன்னே சாலை வைத்திருந்தேன், சாலை வெறுமையாக இருந்தது. அரைவைக் காலத்தில் இரவெல்லாம் வரிசையில் நின்ற மாட்டுவண்டிகளை, நுகத்தடியை இறக்கிவிட்டு வண்டிக்கடியில் துண்டை விரித்து உறங்கியவர்களை, முறை வருவதற்குள் காய்ந்து எடை குறைந்த கரும்பை அவர் சொல்லிக்கொண்டே போனார். அவருக்கு ஆலை என்பது அந்த வரிசை. உள்ளே இருந்த எந்திரங்களை அவர் அதிகம் பார்த்ததில்லை.

நான் செய்திருந்தது ஏஹெர்னின் வழியும் அன்று, ராய் இங்கிலாண்டின் வழியும் அன்று. இல்லாத ரயிலைக் கற்பனையால் கொண்டுவந்தேன். இருந்த வண்டிகளை மறதியால் விட்டேன். முதலாவதைக் குற்றம் என்று நான் கருதவில்லை. கற்பனை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. இரண்டாவதை அப்படித் தள்ளிவிட முடியவில்லை. நாளை என் மகளோ அவள் பிள்ளைகளோ இம்மேசையைப் பார்த்தால், எங்கள் ஊர்க் கரும்பு ரயிலில் வந்தது என்றே நம்புவார்கள். அட்டை பொய் சொன்னாலும் திருத்தமாகச் சொல்லும்.

ஒரு பக்கவழித் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது மாட்டுவண்டிகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில் ஒரு வண்டிச் சக்கரம் சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரியது. ஆரக்கால்களுக்குத் துடைப்பக் குச்சியைப் பிளக்கவேண்டியிருக்கிறது. இதுவரை ஏழு முடிந்திருக்கின்றன. ஏழு போதாது, வரிசை வளைவு தாண்டிப் போகவேண்டும் என்கிறார் மாமா.