“இனி என்ன?” – எமது மாணவியருக்கு வழிகாட்டிய நூறு ஆண்டுகள்

நூற்றாண்டு மலர் என்றால் கட்டடங்களையும் அதிபர்களையும் வெற்றிக் கேடயங்களையும் பற்றி எழுதுவது வழக்கம். அவற்றை எழுத என்னிலும் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். எமது பாடசாலையில் படித்து, அங்கேயே நீண்டகாலம் படிப்பித்து, இறுதி ஆண்டுகளில் தொழில் வழிகாட்டலுக்கும் பொறுப்பாக இருந்தவள் என்ற முறையில் வேறொரு விடயத்தை எடுத்துக்கொள்கிறேன். கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு வாசலைக் கடக்கும் பிள்ளைக்கு அடுத்த வழியைச் சொன்னவர் யார்?

யாழ்ப்பாணத்தில் பெண் கல்வி பழையது. உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை 1824 இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் படித்து முடித்த பெண்ணுக்கு நெடுங்காலம் திறந்திருந்த வழிகள் மிகச் சில. கொழும்பு மருத்துவக் கல்லூரி 1892 இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. அங்கு படித்தவர்கள் இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளை எழுதினார்கள். எமது முதல் தலைமுறை மாணவியருள் மேலே படித்தவர்கள் பெரும்பாலும் மலாயன் பென்சனியர், பிரக்கிராசியார், எழுதுவினைஞர் வீட்டுப் பிள்ளைகள். அந்த வீடுகளில் விபரம் தெரிந்த ஒருவர் இருந்தார். மற்றப் பிள்ளைகளுக்கு அதிபரின் கடிதமே வழிகாட்டல். “இந்தப் பிள்ளை கெட்டிக்காரி” என்று அவர் ஆசிரிய கலாசாலைக்கோ வைத்தியசாலைக்கோ எழுதினால் ஒரு வாழ்க்கை திசை திரும்பும். அவர் கண்ணில் படாதவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானது. 1945 ஒக்டோபர் முதலாந் திகதி கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் எழுத்தறியாத தாயின் மகளும் பல்கலைக்கழகத்தைப் பற்றி நினைக்க முடிந்தது. எனினும் எந்தப் பாடத்தை எடுத்தால் எங்கே போகலாம், எந்தத் திகதிக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும் என்ற விபரம் முன்போலவே தெரிந்தவர் வீட்டோடு நின்றது. படிப்புக்குக் கட்டணம் இல்லை என்றானது, தகவல் மட்டும் எல்லோரையும் எட்டவில்லை.

அறுபதுகளில் விஞ்ஞானப் பிரிவு வளர வளர எங்கள் கனவு ஒடுங்கியது. கெட்டிக்காரப் பிள்ளை என்றால் டாக்டர், வேறு பேச்சில்லை. அந்த நேரத்தில் தரப்படுத்தல் வந்தது. 1971 ஆம் ஆண்டு அனுமதியின்போது வைத்தியத்துறைக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளிகளும் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளிகளும் வேண்டியிருந்தன. 1974 இல் மாவட்டக் கோட்டாவும் சேர்ந்தது. நான் உயர்தரம் எழுதியது அந்தக் காலத்தில்தான். அநியாயம் நடந்தது உண்மை. எங்களிடம் இரண்டாவது திட்டம் ஒன்று இருக்கவில்லை என்பதும் உண்மை. என் வகுப்புத் தோழியர் சிலர் மூன்றாவது தடவையும் எழுதிக் களைத்தார்கள்.

அப்போது எங்கள் விலங்கியல் ரீச்சர் ஒரு காரியம் செய்தார். வெள்ளிக்கிழமை வெளியாகும் அரசாங்க வர்த்தமானியை வரவழைத்து, பயிற்சி நெறிகளையும் வேலை வெற்றிடங்களையும் சிவப்புப் பென்சிலால் கோடிட்டு ஆசிரியர் அறைக் கதவில் ஒட்டுவார். பாடசாலையை விட்டுப் போனவர்களும் வந்து பார்ப்பார்கள். நான் ஆசிரியையானது அந்தக் கதவில் ஒட்டிய ஒரு தாளால்தான்.

1974 இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. 1978 இல் மருத்துவபீடம் வந்தது. 1979 இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது. மட்டக்களப்பில் 1981 இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. “கொழும்புக்குத் தனியே விடமாட்டன்” என்ற தகப்பன்மார் பலர் அதன்பின் மனம் மாறினார்கள். ஆனால் போர் சூழ்ந்தது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, உடுப்புப் பையை விட்டாலும் சான்றிதழ்களைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்த பிள்ளைகளைக் கண்டேன்.

இனிச் சொல்லப்போவது என் தவறு. இசட் புள்ளி முறை வந்த பின்னர் ஒரு மாணவி பல்கலைக்கழக விண்ணப்பப் படிவத்துடன் என்னிடம் வந்தாள். விருப்ப ஒழுங்கில் கற்கைநெறிகளைக் குறிக்க வேண்டும். குறிக்காத நெறிக்கு எவ்வளவு புள்ளி இருந்தாலும் இடமில்லை. “உனக்கு மெடிசின் நிச்சயம், மற்றதுகளை எழுதி ஏன் மினைக்கெடுகிறாய்?” என்றேன். வெட்டுப்புள்ளிக்கு மயிரிழையில் தவறினாள். விவசாயமோ உயிரியல் விஞ்ஞானமோ எழுதியிருந்தால் கிடைத்திருக்கும். அந்த ஆண்டு அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வீட்டில் மீண்டும் எழுத வசதியும் இருக்கவில்லை. பின்பு வேலை பார்த்துக்கொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றாள். பல வருடங்களின் பின் கண்டபோது கோபமின்றிச் சொன்னாள்: “ரீச்சர், அந்தக் கைநூலை நாங்கள் ரெண்டுபேரும் ஒருநாளும் முழுக்க வாசிக்கேல்லைத்தானே.”

அதன் பின்னரே உயர்தர மாணவியரோடு அந்தக் கைநூலை வரிவரியாக வாசிக்கும் வழக்கத்தைத் தொடங்கினேன். பெரும்பாலான நெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற கணக்கைப் பெற்றோருக்கும் விளக்கினோம். முதற் கூட்டத்துக்கு வந்த தாய்மாரில் பலர் அதை அன்றுதான் கேள்விப்பட்டார்கள்.

இன்று வழிகள் பெருகியுள்ளன. 2013 முதல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு உண்டு. 2017 இல் 13 வருட உத்தரவாதக் கல்வி தொடங்கியது. தேசிய தொழிற்தகைமை ஏழு மட்டங்கள் கொண்டது. சான்றிதழில் ஆரம்பித்துப் பட்டம் வரை ஏறலாம். கிளிநொச்சியில் இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. ஆனால் தொழிற்பயிற்சி என்றதும் “படிப்பு ஏறாத பிள்ளையோ?” என்று கேட்கும் எங்கள் வாய் இன்னும் மாறவில்லை. உயர்தரத்தில் தகுதி பெறுவோரில் பெரும்பாலோருக்கு அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதில்லை. அந்தப் பிள்ளைகளைத் தோற்றவர்களாக அனுப்பிவைக்க எமக்கு என்ன உரிமை?

அன்பான பழைய மாணவிகளே, கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கும் நீங்கள் எமது பாடசாலைக்கு நிறையக் கொடுத்திருக்கிறீர்கள். இந்த நூற்றாண்டில் இன்னுமொன்று கேட்கிறேன். நீங்கள் என்ன படித்தீர்கள், எங்கே தவறினீர்கள், எப்படி மீண்டீர்கள், இப்போது நாள் முழுவதும் என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். வெற்றியை மட்டும் எழுதாதீர்கள். மூன்றாந் தடவை எழுதி மனமுடைந்திருக்கும் பிள்ளைக்கு உங்கள் தோல்விதான் கூடப் பயன்படும். தாதியும் கணக்காளரும் தையற்கடை நடத்துபவரும் எல்லோரும் எழுத வேண்டும். அவற்றை நூலகத்தில் ஒரு கோவையாக வைப்போம்.

எனக்கு ஒரு கதவும் அதில் ஒட்டிய ஒரு தாளும் போதுமாயிருந்தன. எமக்குப் பின் வரும் பிள்ளை “இனி என்ன?” என்று கேட்கும்போது அவள் கையில் அந்தக் கோவை இருக்கட்டும்.