கட்டுமானக் கவுன்சில் பிறந்த கதை

அமெரிக்க ஜனாதிபதியாக நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்ட ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், அதற்கு முன்பு ஆறு வருடம் கட்டடத் தொழில் சங்கம் ஒன்றின் தலைவராக இருந்தார். அவரைப் பற்றி நிறையப் படித்தவர்களில்கூடப் பலருக்கு இது தெரியாது. அமெரிக்கன் கன்ஸ்ட்ரக்‌ஷன் கவுன்சில் என்பது சங்கத்தின் பெயர். சம்பளமில்லாத பதவி. 1922இல் அந்தக் கவுன்சில் பிறந்ததற்குக் கட்டடத் தொழிலின் பெருமை காரணமல்ல. அதன் நாற்றம்தான் காரணம்.

முதல் உலகப் போர்க் காலத்தில் வீடு கட்டுவது ஏறக்குறைய நின்றே போயிருந்தது. சிப்பாய்கள் ஊர் திரும்பியபோது நியூயார்க்கில் குடியிருக்க வீடில்லை. இருந்த வீடுகளின் வாடகையோ எகிறிக்கொண்டிருந்தது. மாநிலச் சட்டசபை லாக்வுட் என்பவரின் தலைமையில் ஒரு விசாரணைக் குழு போட்டது. குறுக்கு விசாரணை செய்தவர் சாமுவேல் அன்டர்மையர், பெரிய வங்கிக்காரர்களையே கூண்டில் ஏற்றித் திணறடித்த வழக்கறிஞர். செங்கல் ஏன் இந்த விலை விற்கிறது என்று கேட்கத் தொடங்கிய விசாரணை, டெண்டர் பெட்டிக்குள் போய் முடிந்தது.

அங்கே நடந்தது இதுதான். குழாய் வேலைக் காண்ட்ராக்டர்கள் டெண்டரை உரிய இடத்தில் கொடுப்பதற்கு முன்பே, அதன் பிரதியை ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். யார் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று அவர் பார்ப்பார். வேலை யாருக்குப் போக வேண்டும், எந்த விலைக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அங்கேயே முடிவாகிவிடும். வீடு கட்டுகிறவர் உறைகளைப் பிரித்துப் பார்த்து, குறைந்த விலைக்காரருக்கு வேலையைக் கொடுத்துவிட்டதாக நிம்மதி அடைவார். நம் ஊரில் இதற்கு சிண்டிகேட் என்று பெயர். விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இது முதலாளிகள் தரப்பு. தொழிலாளர் தரப்பில் ராபர்ட் பிரிண்டெல் என்ற சங்கத் தலைவர் இருந்தார். வேலைநிறுத்தம் வராமல் இருக்க வேண்டுமானால் காண்ட்ராக்டர் அவருக்குக் கப்பம் கட்ட வேண்டும். 1921இல் குற்றம் நிரூபணமாகி அவர் சிங் சிங் சிறைக்குப் போனார். சிகாகோவிலும் கட்டடத் தொழில் சண்டை முற்றி, நீதிபதி லாண்டிஸ் பஞ்சாயத்துச் செய்ய வேண்டியிருந்தது.

அந்தக் காலத்து அமெரிக்கத் தொழில்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெயர் கெட்டுப்போனால் வெளியிலிருந்து ஒரு கௌரவமான மனிதரைக் கூட்டி வந்து தலைமையில் உட்கார வைப்பார்கள். சூதாட்டத்தில் மானம் போன பேஸ்பால் இதே லாண்டிஸைப் பிடித்தது. சினிமாக்காரர்கள் வில் ஹேய்ஸைப் பிடித்தார்கள். வர்த்தக அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் கட்டடத் தொழிலுக்கும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும் என்று நினைத்தார். அவர் பொறியாளர், சட்டம் போட்டு அடக்குவதைவிட, தொழில்காரர்கள் கூடிப் பேசித் தங்களைத் தாங்களே திருத்திக்கொள்ள வேண்டும் என்று நம்பியவர். கட்டடக் கலைஞர்கள், பொறியாளர்கள், காண்ட்ராக்டர்கள், தொழிற்சங்கங்கள், செங்கல் சிமென்ட் உற்பத்தியாளர்கள், கடன் கொடுக்கும் வங்கிகள் என எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார். 1922 ஜூனில் கவுன்சில் செயல்படத் தொடங்கியது.

தலைமைக்கு ரூஸ்வெல்ட் ஏன்? 1920இல் ஜனநாயகக் கட்சியின் துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்று மண்ணைக் கவ்வியவர் அவர். பிறகு காண்ட்ராக்டர்களுக்கு உத்தரவாதப் பத்திரம் கொடுக்கும் கம்பெனி ஒன்றின் நியூயார்க் கிளையில் துணைத் தலைவர் ஆனார். 1921 ஆகஸ்டில், 39 வயதில், இளம்பிள்ளைவாதம் தாக்கி இரண்டு கால்களும் செயலிழந்தன. ஹைட் பார்க் பண்ணைக்கு வந்து அமைதியாக இருந்துவிடு என்றார் தாயார் சாரா. மனைவி எலினாரும் உதவியாளர் லூயி ஹோவும் அதற்கு ஒப்பவில்லை. நடக்க முடியாத அரசியல்வாதியின் பெயர் பத்திரிகையிலிருந்து மறைந்துவிடக் கூடாது என்பதில் ஹோ கண்ணும் கருத்துமாக இருந்தார். அதற்கு இந்தப் பதவி தோதாக அமைந்தது. காண்ட்ராக்டர்களின் பழக்கம் கம்பெனி வியாபாரத்துக்கும் கெடுதல் இல்லை. ஹூவர் எதிர்க்கட்சி அமைச்சர் என்பதும் உறுத்தவில்லை. அவரே ஜனாதிபதியாக வந்தால் நல்லது என்று 1920இல் நண்பருக்கு எழுதியவர்தான் ரூஸ்வெல்ட்.

பதவியேற்ற சமயத்தில் ரூஸ்வெல்ட் பேசியதை இன்று படித்தால் சிரிப்பு வரும். அரசாங்கக் கட்டுப்பாடு செலவு பிடித்தது, சமாளிக்க முடியாதது, தொழில் தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்வதே வழி என்றார். பதினோரு வருடம் கழித்து அமெரிக்கா அதுவரை கண்டிராத அளவுக்குத் தொழில்களுக்கு விதி போட்டவர் அவர்தான்.

நடுவில் என்ன ஆயிற்று? 1923 மே மாதம் மன்ஹாட்டன் 65ஆம் தெருவிலிருந்த தன் வீட்டிலேயே நிர்வாகிகள் கூட்டத்தை நடத்தினார். சுற்றி வளைக்காமல் பேசினார். சுமார் 115 சங்கங்களிடம் சந்தா வசூலித்ததைத் தவிர இந்தக் கவுன்சில் இதுவரை ஒரு வேலையும் செய்யவில்லை என்று சொன்னார். சங்கத் தலைவர்கள் மேடையில் இப்படிப் பேசுவது வழக்கமில்லை. அப்போது கட்டடச் செலவு தலைதெறிக்க ஏறிக்கொண்டிருந்தது. கொத்தனார்களுக்குக் கூலிக்கு மேல் போனஸ் கொடுத்து, ஒரு காண்ட்ராக்டரின் ஆட்களை இன்னொருவர் இழுத்துக்கொண்டிருந்தார். புதிய வேலைகளைச் சில மாதம் தள்ளிப்போடுங்கள் என்று கவுன்சில் வேண்டுகோள் விடுத்தது. பத்திரிகைகளில் நன்றாகவே வந்தது. ஆனால் கேட்காதவர்களைக் கவுன்சில் என்ன செய்ய முடியும்?

கோடையில் ஆள் கிடைக்காமலும் குளிர்காலத்தில் வேலை கிடைக்காமலும் தொழில் தவிப்பதை மாற்றவும் முயன்றார்கள். குளிர் ஒரு சாக்குதான். பெரிய நகரங்களில் வாடகை ஒப்பந்தங்கள் மே 1, அக்டோபர் 1 என்று குறிப்பிட்ட தேதிகளில் முடியும். அந்தத் தேதிக்குள் கட்டடம் தயாராக வேண்டும் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் நெருக்குவார்கள். நல்ல யோசனைதான், அதிலும் கவுன்சிலால் அறிவுரைதான் சொல்ல முடிந்தது. ஹூவரின் துறை எதிர்பார்த்த அளவு கைகொடுக்கவில்லை என்று ரூஸ்வெல்ட் குறைப்பட்டுக்கொண்டார். அதன்பின் ஒப்புக்கு நடந்தது சங்கம். 1928இல் நியூயார்க் ஆளுநர் தேர்தலில் சுமார் 25,000 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்ததோடு ரூஸ்வெல்டுக்கும் கவுன்சிலுக்குமான கதை முடிந்தது. அதே நாளில் ஹூவர் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நான்கு வருடம் கழித்து அவரை ரூஸ்வெல்ட் 472க்கு 59 என்ற தேர்வாளர் வாக்குக் கணக்கில் வீழ்த்தினார்.

1933 ஜூன் 16இல் கையெழுத்தான தேசியத் தொழில் மீட்புச் சட்டம், முதல் உலகப் போர்க் காலத் தொழில் வாரியத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் அதன் அமைப்பைப் பாருங்கள்: ஒவ்வொரு தொழிலும் கூடிப் பேசித் தனக்கான விதிகளை எழுதும், அரசு அதற்குச் சட்ட பலம் கொடுக்கும். முதல் பாதி 1922இன் கவுன்சில். இரண்டாம் பாதி, அந்தக் கவுன்சிலிடம் இல்லாமல் போனது. சந்தா மட்டும் வசூலித்த ஆறு வருடத்தில் ரூஸ்வெல்ட் கற்ற பாடம் இந்தச் சட்டத்தில் இருக்கிறது என்றே நான் படிக்கிறேன். கட்டுமானத் தொழிலுக்கான விதித்தொகுப்பு 1934 தொடக்கத்தில் வந்தது. டெண்டர் எப்படிப் போடுவது என்பதற்கும் அதில் விதி இருந்தது.

1935 மே 27இல், புரூக்ளின் கோழி வியாபாரிகள் செய்த மேல்முறையீட்டில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றார்கள். கட்டுமான விதித்தொகுப்பும் அத்தோடு போயிற்று.