கரிமச் சந்தையின் எடைக்கல்லுக்கு யார் முத்திரையிடுவது?

ஓசூர் சிப்காட் வளாகத்திலும், கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளிலும், அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிக் கர்நாடகப் பகுதியில் தொடரும் தொழிற்பேட்டைகளிலும் ஆயிரக்கணக்கான கொதிகலன்கள், உலைகள், ஜெனரேட்டர்கள் இயங்குகின்றன. அவற்றின் புகைபோக்கிகளிலிருந்து எவ்வளவு கரியமில வாயு வெளியேறுகிறது என்பதைப் பொதுவாக யாரும் நேரடியாக அளப்பதில்லை. எரித்த எரிபொருளின் அளவை ஓர் எண்ணால் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள். அந்த எண்ணின் பெயர் உமிழ்வுக் காரணி. எரிசக்தித் தணிக்கையாளனாக இப்பகுதி ஆலைகளின் எரிபொருள் பதிவேடுகளைப் பல ஆண்டுகளாகப் புரட்டிவருபவன் என்ற முறையில், பொதுவெளியில் அதிகம் பேசப்படாத இந்த எண்ணைப் பற்றி எழுத விரும்புகிறேன். இதுவரை அறிக்கைகளின் பின்னிணைப்பில் இருந்த அந்த எண்ணுக்கு இப்போது பண மதிப்பு வந்துவிட்டது.

2022ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புத் திருத்தச் சட்டம், கரிம வணிகத்துக்கு இந்தியாவில் சட்ட அடிப்படை அமைத்தது. 2023 ஜூன் மாதம் மத்திய மின் அமைச்சகம் கார்பன் வரவு வணிகத் திட்டத்தை அறிவித்தது. 2025 அக்டோபரில் அலுமினியம், சிமென்ட், குளோர்-ஆல்கலி, காகிதம் ஆகிய நான்கு துறைகளைச் சேர்ந்த 282 ஆலைகளுக்கு இலக்குகள் அறிவிக்கப்பட்டன. 2023-24ஆம் ஆண்டே அடிப்படை ஆண்டு. ஒரு டன் பொருளை உற்பத்தி செய்ய எவ்வளவு உமிழ்வு ஏற்படுகிறது என்பதே அளவுகோல். இலக்கைவிடக் குறைவாக உமிழும் ஆலைக்கு வரவுச் சான்றிதழ் கிடைக்கும். தவறிய ஆலை அதை விலைக்கு வாங்க வேண்டும். ஒரு சான்றிதழ் என்பது ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஆகவே, கணக்கில் ஒரு டன் கூடினாலும் குறைந்தாலும் அது பணம்தான்.

எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு கிலோ எரிபொருள் எவ்வளவு வெப்பம் தரும், அந்த வெப்பத்தின் ஒவ்வோர் அலகுக்கும் எவ்வளவு கரியமில வாயு வெளியேறும் என்ற இரண்டு அளவுகளின் பெருக்கமே உமிழ்வுக் காரணி. பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவான ஐபிசிசி, 2006இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் உலகப் பொது மதிப்புகளைத் தந்திருக்கிறது. ஒரு டெராஜூல் வெப்பத்துக்கு இயற்கை எரிவாயு 56.1 டன், சமையல் எரிவாயு 63.1 டன், டீசல் 74.1 டன், பர்னஸ் ஆயில் 77.4 டன், பொதுவகை நிலக்கரி 94.6 டன், பழுப்பு நிலக்கரி 101 டன் என்பவை அவற்றுள் சில.

டீசலையும் சமையல் எரிவாயுவையும் பொறுத்தவரை சிக்கல் இல்லை. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் டீசல் எங்கும் ஏறத்தாழ ஒரே தரம். ஓசூரில் எரித்தாலும் ஹாம்பர்க்கில் எரித்தாலும் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறும். நிலக்கரியும் விறகும் அப்படியல்ல. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் மிகுதி. ஈரப்பதமும் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். 2012 முதல் அது ஜி1 தொடங்கி ஜி17 வரை பதினேழு தரங்களாக விற்கப்படுவதே இந்த வேறுபாட்டுக்குச் சான்று.

இதன் விளைவை ஒரு கணக்கால் விளக்கலாம். ஓர் ஆலை ஆண்டுக்கு 10,000 டன் நிலக்கரி எரிக்கிறது என்று கொள்வோம். ஐபிசிசியின் பொது மதிப்புகளை அப்படியே பயன்படுத்தினால் உமிழ்வு சுமார் 24,400 டன். அதே நிலக்கரியின் நிகர வெப்ப மதிப்பு ஆய்வகத்தில் கிலோவுக்கு 4,700 கிலோ கலோரி என்று தெரியவந்து, இந்தியா ஐ.நா.வுக்கு அளித்த அறிக்கைகளில் பயன்படுத்திய 95.8 டன் என்ற காரணியால் பெருக்கினால் உமிழ்வு சுமார் 18,850 டன். இடைவெளி ஏறத்தாழ 5,500 டன். எரித்த கரி ஒரு கிலோகூட மாறவில்லை. மாறியது பெருக்கிய எண் மட்டுமே.

அடிப்படை ஆண்டின் கணக்கை முதல் எண்ணாலும், இலக்கு ஆண்டின் கணக்கை இரண்டாம் எண்ணாலும் போட ஓர் ஆலைக்கு அனுமதி கிடைத்தால், எதுவும் செய்யாமலேயே 20 சதவீதத்துக்கு மேல் உமிழ்வைக் குறைத்ததாகக் காட்டிக்கொள்ள முடியும். அந்தப் பொய்யான குறைப்பும் சான்றிதழாகிச் சந்தைக்கு வந்துவிடும். நேர்மையாகச் செலவிட்டுக் கொதிகலனை மாற்றிய ஆலையின் சான்றிதழுக்கு விலை சரியும்.

இன்னொரு நுட்பமான பிழையும் உண்டு. நம் நாட்டில் நிலக்கரியின் விலைப்பட்டியல் மொத்த வெப்ப மதிப்பைக் குறிக்கிறது; ஐபிசிசியின் காரணிகளோ நிகர வெப்ப மதிப்பை அடிப்படையாகக் கொண்டவை. ஒன்றை மற்றொன்றுடன் நேராகப் பெருக்கினால் நிலக்கரிக்குச் சுமார் 5 சதவீதமும் எரிவாயுவுக்குச் சுமார் 10 சதவீதமும் உமிழ்வு கூடுதலாகத் தெரியும். பதிவேடுகளில் நான் மிகுதியாகக் காணும் குழப்பம் இதுவே.

சீனா கற்ற பாடம்

உமிழ்வுக் காரணியை நிர்ணயிப்பதில் தவறினால் என்ன ஆகும் என்பதைச் சீனாவின் அனுபவம் காட்டுகிறது. 2021இல் அந்நாட்டின் தேசியக் கரிமச் சந்தை தொடங்கியபோது, நிலக்கரியின் கரிம அளவை ஆய்வகத்தில் சோதிக்காத மின்நிலையங்களுக்கு, வழக்கமான அளவைவிட வெகுவாக உயர்ந்த இயல்நிலை மதிப்பு விதிக்கப்பட்டது. சோதனை செய்யத் தூண்டுவதே நோக்கம். நடந்ததோ வேறு. சோதனை அறிக்கை இருந்தால் கோடிக்கணக்கில் மிச்சமாகும் என்ற நிலையில், அறிக்கைகளைத் திருத்தும் தொழில் தலையெடுத்தது. 2022 மார்ச்சில் சீனச் சுற்றுச்சூழல் அமைச்சகம், தரவு மோசடிக்காக நான்கு ஆலோசனை, சோதனை நிறுவனங்களின் பெயர்களைப் பகிரங்கமாக வெளியிட்டது. அதே ஆண்டில் தண்டனைபோல் இருந்த அந்த மதிப்பும் 8 சதவீதம் குறைக்கப்பட்டது.

2005இல் தொடங்கிய ஐரோப்பியச் சந்தை படிநிலை முறையைக் கையாள்கிறது. தரம் மாறாத வணிக எரிபொருள்களுக்குத் தேசிய மதிப்பு போதும். பெரிய ஆலைகள் எரிக்கும் நிலக்கரி போன்றவற்றுக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகச் சோதனை வேண்டும். சிறிய ஆலைகளுக்கு எளிய முறை அனுமதிக்கப்படுகிறது. சுமையை ஆலையின் அளவுக்கு ஏற்பப் பிரிக்கும் இந்த அணுகுமுறை நமக்கும் பொருந்தும்.

ஓசூருக்கு என்ன தொடர்பு?

இலக்கு விதிக்கப்பட்ட துறைகளில் வாகன உற்பத்தி இல்லை. ஓசூரின் பெரிய நிறுவனங்கள் நேரடியாக இத்திட்டத்துக்குள் வரவில்லை. ஆனாலும் இங்குள்ள வார்ப்பாலைகளும் உதிரிபாகத் தொழிற்கூடங்களும் தப்பிக்க முடியாது. 2023 டிசம்பரில் செய்யப்பட்ட திருத்தம், கட்டாயம் இல்லாத நிறுவனங்களும் தாமாக முன்வந்து வரவுச் சான்றிதழ் பெற வழிசெய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கரிம எல்லை வரி 2026 ஜனவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. இரும்பு, அலுமினியப் பொருள்களோடு போல்ட், திருகு போன்றவையும் அதன் வரம்புக்குள் வருகின்றன. தன் உமிழ்வை நிரூபிக்க முடியாத சிறு உற்பத்தியாளர்மீது வேறொருவர் நிர்ணயித்த எண் சுமத்தப்படும்.

எல்லைப் பகுதி என்பதால் மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். நாட்டின் மின்தொகுப்புகள் 2013 இறுதியில் ஒன்றிணைந்த பின், மத்திய மின்சார ஆணையம் நாடு முழுவதற்கும் ஒரே காரணியை வெளியிடுகிறது: ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. அத்திப்பள்ளியில் இருந்தாலும் சூசூவாடியில் இருந்தாலும் ஆலையின் கணக்கு ஒன்றே. இது நியாயமான ஏற்பாடு. மாநிலத்துக்கு ஓர் எண் என்று பிரித்தால், சில கிலோமீட்டர் இடைவெளியில் ஆலையை நகர்த்தியே உமிழ்வைக் ‘குறைத்துவிட’ முடியும்.

எரிவாயுவுக்கு வருவோம். கெயில் நிறுவனத்தின் குழாய்த் திட்டத்துக்குக் கிருஷ்ணகிரி உள்ளிட்ட ஏழு மேற்கு மாவட்ட விவசாயிகள் தெரிவித்த எதிர்ப்பு, 2016இல் உச்ச நீதிமன்றம் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோதும் ஓயவில்லை. பர்னஸ் ஆயிலிலிருந்து எரிவாயுவுக்கு மாறும் ஆலையின் உமிழ்வு, அதே வெப்பத்துக்கு 27 சதவீதம் குறையும். ஆனால், அந்த எண் உலையில் எரிவதை மட்டுமே பேசுகிறது. வழியில் கசியும் மீத்தேனும், நிலம் கொடுத்தவரின் இழப்பும் அதில் இல்லை.

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள் போன்ற இடங்களில் விறகும், கடலைத் தோல், மரத்தூளை அழுத்திச் செய்த பிரிக்கெட்டுகளும் எரிக்கப்படுகின்றன. ஐபிசிசி மதிப்பின்படி விறகின் காரணி நிலக்கரியைவிட அதிகம்: 112 டன். எனினும், மீண்டும் வளரும் தாவரம் அதை உறிஞ்சிவிடும் என்ற கருத்தில் ஆலைக் கணக்கில் அது பூஜ்யமாகக் கொள்ளப்படுகிறது. கடலைத் தோலுக்கு இது பொருந்தும். வெட்டிய இடத்தில் மறுபடி நடப்படாத மரத்துக்குப் பொருந்துமா? விறகு எங்கிருந்து வந்தது என்பதற்கு ரசீது கேட்காத பூஜ்யம், மரங்களுக்கு ஆபத்தானது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, நிலக்கரித் தரம் ஒவ்வொன்றுக்கும், தாவர எரிபொருள் வகை ஒவ்வொன்றுக்கும் தேசியக் காரணிகளை எரிசக்தித் திறன் பணியகம் வெளியிட வேண்டும். அவை எந்தச் சோதனைகளிலிருந்து பெறப்பட்டன என்பதும் பொதுவெளியில் இருக்க வேண்டும். இரண்டாவதாக, அடிப்படை ஆண்டில் பயன்படுத்திய முறையையே இலக்கு ஆண்டிலும் பயன்படுத்த வேண்டும். முறை மாறினால் அடிப்படையும் திருத்தப்பட வேண்டும். மூன்றாவதாக, இயல்நிலை மதிப்பு உண்மையைவிடச் சற்றே உயர்ந்திருக்கலாம்; தண்டனையாகிவிடக் கூடாது. நான்காவதாக, சோதித்த மாதிரியின் ஒரு பகுதியை முத்திரையிட்டுப் பாதுகாத்து, மறுசோதனைக்கு உட்படுத்த வேண்டும். ஐந்தாவதாக, ஓசூர் போன்ற மையங்களில் சிறு தொழிற்கூடங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் பொது ஆய்வகம் அமைய வேண்டும்.

சந்தையில் காய்கறி விற்பவரின் எடைக்கல்லைக்கூடக் குறித்த காலத்தில் சோதித்து முத்திரையிடும் சட்டம் நம்மிடம் உண்டு. வாங்குபவரின் கண்ணுக்கே தெரியாத ஒரு வாயுவை விற்கும் சந்தைக்கு அந்த முத்திரை இன்னும் கூடுதலாகத் தேவை. சான்றிதழ்கள் பெருமளவில் கைமாறத் தொடங்குவதற்கு முன்பே அது நடக்க வேண்டும். விற்றுமுடித்த பிறகு எடைக்கல்லைச் சரிபார்த்துப் பயனில்லை.