காலரா நச்சு குடல் செல்லை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது? ஒட்டிக்கொண்ட பிறகு என்ன ஆகும்?

2022 ஜூலையில் காரைக்காலில் வாந்தி, வயிற்றுப்போக்கோடு பலர் மருத்துவமனைக்கு வந்தார்கள். சிலருக்குக் காலரா உறுதியாகி, பொது சுகாதார அவசரநிலையே அறிவிக்கப்பட்டது. குடிநீர் எப்படிக் கெட்டது என்பது ஒரு கேள்வி. அந்தத் தண்ணீரோடு வயிற்றுக்குள் போன கிருமி அங்கே அப்படி என்னதான் செய்கிறது என்பது இன்னொரு கேள்வி. இங்கே பார்க்கப் போவது இரண்டாவதை.

கிருமி வாசலிலேயே நிற்கிறது

காலரா கிருமியின் பெயர் விப்ரியோ காலரே. இது குடல் சுவரைத் துளைத்து ரத்தத்துக்குள் போவதில்லை. சிறுகுடலின் உட்பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு பெருகுகிறது. அங்கிருந்தபடியே ஒரு புரதத்தை வெளியே விடுகிறது. அதுதான் காலரா நச்சு. உள்ளே போய் வேலையைக் காட்டுவது இந்த நச்சு மட்டும்தான்.

விளைவு பயங்கரமானது. நோய் கடுமையானால் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட தண்ணீர் வெளியேறலாம். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி பேதி போகும். சிகிச்சை கிடைக்காவிட்டால் சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடலாம். இத்தனைக்கும் குடல் செல்களை எடுத்துப் பார்த்தால் அவை பெரிய சேதம் இல்லாமல் முழுசாக இருக்கும்.

நச்சைக் கண்டுபிடித்தது யார்?

1884இல் கொல்கத்தாவில் வைத்துக் காலரா கிருமியைப் பிரித்துக் காட்டிய ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் கோக், இது ஏதோ ஒரு நஞ்சை விடுகிறது என்று அப்போதே சந்தேகப்பட்டார். அதை நிரூபிக்க 75 வருஷம் ஆனது. நிரூபித்தவரும் கொல்கத்தாக்காரர்தான். சம்பு நாத் டே என்ற நோய்க்குறியியல் மருத்துவர்.

அவர் செய்தது எளிமையான சோதனை. முயலின் குடலில் ஒரு பகுதியை இரண்டு பக்கமும் நூலால் கட்டினார். கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் அதற்குள் செலுத்தினார். கிருமியே இல்லை, ஆனாலும் குடல் தண்ணீரால் உப்பியது. 1959இல் நேச்சர் இதழில் இது வெளியானது. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க், டேயின் பெயரை நோபலுக்குப் பரிந்துரைத்தார். பரிசு வரவில்லை. 1985இல் அவர் இறந்தபோது இந்தியாவிலேயே பலருக்கு அவர் யாரென்று தெரியாது. இது நியாயமே இல்லை.

சர்க்கரைதான் முகவரி

சரி, உடம்பில் கோடிக்கணக்கான செல்கள் இருக்கின்றன. நச்சுக்கு எங்கே ஒட்டுவது என்று எப்படித் தெரிகிறது?

நம் செல்களின் வெளிப்பக்கம் வழவழப்பான பந்து மாதிரி இருக்காது. மேலெல்லாம் குட்டிக் குட்டி சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒரு வகை கேங்கிலியோசைடு. அதன் கொழுப்பு வால் செல் சவ்வுக்குள் புதைந்திருக்கும், சர்க்கரைத் தலை வெளியே தெரியும். காலரா நச்சு தேடுவது இந்தக் குடும்பத்தில் ஜிஎம்1 என்ற ஒன்றை. செல் அதைத் தன் சொந்த வேலைக்காக வைத்திருக்கிறது. நச்சு அதையே வாசல் கைப்பிடியாகப் பயன்படுத்திக்கொள்கிறது.

நச்சின் அமைப்பைப் பார்த்தால் இது புரியும். 'பி' என்ற ஐந்து துண்டுகள் சேர்ந்து வளையமாக இருக்கும். அதன் மேல் 'ஏ' என்ற ஒரு துண்டு உட்கார்ந்திருக்கும். பி வளையத்தின் வேலை பிடிப்பது, ஏ துண்டின் வேலை கெடுப்பது. ஒவ்வொரு பி துண்டிலும் ஜிஎம்1-இன் சர்க்கரைத் தலை கச்சிதமாகப் பொருந்தும் ஒரு குழி உண்டு. அந்தத் தலையின் நுனியில் உள்ள கேலக்டோஸ், சியாலிக் அமிலம் என்ற இரண்டு சர்க்கரைகளையும் அது இரண்டு விரலால் கவ்வுவது போலப் பிடிக்கிறது. ஐந்து குழிகள் என்பதால் ஒரே நேரத்தில் ஐந்து பிடி கிடைக்கும். ஒன்று நழுவினாலும் மற்ற நான்கு விடாது.

முகவரி எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு உதாரணம் தொண்டை அடைப்பான் நச்சு. இது சர்க்கரையைத் தேடுவதில்லை, செல் மேலிருக்கும் ஒரு புரதத்தைத் தேடுகிறது. எலிகளிடமும் அந்தப் புரதம் இருக்கிறது. ஆனால் அதில் சில அமினோ அமிலங்கள் வேறு. அவ்வளவுதான் வித்தியாசம். மனிதனைக் கொல்லும் நச்சு எலியின் செல்லில் ஒட்டவே முடியாமல் போகிறது.

உள்ளே போனதும்?

ஒட்டிய நச்சை செல் தானாகவே உள்ளே இழுத்துக்கொள்கிறது. நச்சு, செல்லுக்குள் புரதம் தயாராகும் இடம் வரை பின்னோக்கிப் பயணிக்கிறது. தவறாக மடிந்த புரதங்களை வெளியே தள்ள அங்கே ஒரு வழி இருக்கிறது. ஏ துண்டின் ஒரு பகுதி, தன்னையும் அப்படிப்பட்ட கழிவு மாதிரி காட்டிக்கொண்டு அந்த வழியாக நழுவிவிடுகிறது.

அடுத்து, செல்லின் ஒரு சுவிட்சை 'ஆன்' நிலையிலேயே பூட்டிவிடுகிறது. அதனால் சைக்ளிக் ஏஎம்பி என்ற வேதிப்பொருள் ஏறிக்கொண்டே போகிறது, குளோரைடு வெளியேறும் வாயில் திறந்தே கிடக்கிறது. உப்பு போகும் பக்கம் தண்ணீரும் போகும் இல்லையா? உடம்பின் தண்ணீர் குடலுக்குள் கொட்டுகிறது.

மருந்து போட்டால் உடனே நிற்குமா?

நிற்காது. ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும், பேதி நீடிக்கும் நாட்களைக் குறைக்கும். ஏற்கெனவே செல்லுக்குள் போய்விட்ட நச்சை அது எதுவும் செய்யாது. தொண்டை அடைப்பானுக்குப் போடும் நச்சுமுறி மருந்திலும் இதே சிக்கல்தான். ரத்தத்தில் சுற்றும் நச்சை அது பிடிக்கும், செல்லுக்குள் நுழைந்ததைப் பிடிக்காது. அதனால்தான் பரிசோதனை முடிவுக்குக்கூடக் காத்திருக்காமல் டாக்டர்கள் அதைப் போட அவசரப்படுகிறார்கள்.

காலராவில் ஒரு நல்ல விஷயம், சிறுகுடலின் மேல்வரிசைச் செல்கள் சில நாட்களில் உதிர்ந்து புதுசாக வந்துவிடும். அதுவரை ஆளைத் தாக்குப்பிடிக்க வைத்தால் போதும்.

நச்சு மூடாத கதவு

எப்படித் தாக்குப்பிடிக்க வைப்பது? குடல் செல்லில் இன்னொரு வாயில் இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால் இரண்டையும் உள்ளே விடும், பின்னாலேயே தண்ணீரும் போகும். காலரா நச்சு இதைத் தொடுவதில்லை. ஓஆர்எஸ் வேலை செய்வது இந்த வழியாகத்தான். அதில் சர்க்கரை இருப்பது ருசிக்காக என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை இல்லாமல் உப்பு இந்த வாயிலில் நுழையாது.

1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, சர்க்கரைக் கரைசலை டிரம்களில் கலந்து குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அவர் இறந்த பிறகு, 2023இல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

ஓஆர்எஸ் பாக்கெட் இருந்தால் அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுசாகக் கலக்குங்கள். பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டையும் தலைதட்டி அளக்க வேண்டும், உப்பு கூடினால் குழந்தைகளுக்கு ஆபத்து. வாந்தி வந்தால் பத்து நிமிஷம் விட்டு, மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கண் உள்ளே போவது, சிறுநீர் குறைவது, குடிக்கவே முடியாமல் துவண்டு கிடப்பது, இதில் ஏதாவது தெரிந்தால் வீட்டில் வைத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். போகும் வழியிலும், குடிக்க முடிகிறவரை, கரைசலை நிறுத்த வேண்டாம்.