கருப்பைக் கழுத்துப் பரிசோதனை: ஒரு சமுதாய வரலாற்று நோக்கு

மருத்துவ நுட்பங்களின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர் வரலாறாகவே எழுதப்படுகிறது. அந்நுட்பங்கள் எவ்வர்க்கத்தினரைச் சென்றடைந்தன என்னும் வினா எழுப்பப்படுவது அரிது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் வரலாறு அவ்வினாவை எழுப்புகிறது.

மனிதப் பப்பிலோமா வைரசின் நீடித்த தொற்றே இந்நோய்க்கு அடிப்படைக் காரணம். தொற்றுக்கும் புற்றுக்கும் இடையே பல்லாண்டுகள் கழிவதால், முன்கூட்டியே கண்டறிந்து நோயைத் தடுக்கலாம். 1943இல் பப்பனிக்கொலோவும் டிராவுற்றும் நூலாக வெளியிட்ட கலப் பரிசோதனை, செல்வ நாடுகளில் இறப்பைப் பெரிதும் குறைத்தது. ஆனால் அது ஆய்வுகூடத்தையும் நிபுணரையும் வேண்டி நின்றமையால், வறிய நாடுகளின் உழைக்கும் பெண்களுள் மிகப் பலர் அதன் எல்லைக்கு வெளியிலேயே இருந்தனர்.

மாற்றுவழி எளியது. வினாகிரியிலுள்ள அசற்றிக்கமிலத்தை ஐதாக்கிக் கருப்பைக் கழுத்தில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்தால், மாற்றமுற்ற இழையம் வெண்மையாகத் தோன்றும்; அதனைக் காண வெறுங்கண்ணே போதும். தமிழகத்தின் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில் தாதியரே பரிசோதித்தனர். தேவைப்பட்டோருக்கு அவ்வேளையிலேயே குளிரால் உறையவைக்கும் சிகிச்சையும் அளித்தனர். பரிசோதனை நடைபெற்ற ஊர்களில் இந்நோயால் நேர்ந்த இறப்பு, ஏனைய ஒப்பீட்டு ஊர்களைவிட 35 சதவீதம் குறைவென 2007இல் வெளியான முடிவுகள் காட்டின.

வெறுங்கண் நோக்கு பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்து வேறுபடும் என்பது உண்மையே. 2021இல் உலக சுகாதார நிறுவனம் வைரசின் மரபுப்பொருளைக் கண்டறியும் பரிசோதனைக்கு முதலிடம் அளித்தமை இதனாற் பொருத்தமானதே. ஆயினும் அதன் விலை வறிய பெண்ணுக்கும் அவள் உயிருக்கும் இடையே நிற்குமாயின், கலப் பரிசோதனையின் வரலாறே மீளவும் நிகழும்.